பறையைப் பார்க்கப் போகும் பிள்ளைகள்

பொங்கலை ஒட்டி நடக்கும் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' 2007இல் தொடங்கியது. சில ஆண்டுகள் நின்றுபோய், 2023இல் மீண்டும் நடத்தப்பட்டது. பின்னர் கோவை, மதுரை போன்ற நகரங்களுக்கும் விரிந்தது. பறையாட்டம், தெருக்கூத்து, கரகம், ஒயிலாட்டம் என நம் கிராமத்துக் கலைகள் அங்கே மேடை ஏறுகின்றன. கிராமப்புறப் பள்ளிகள் பிள்ளைகளை இத்தகைய விழாக்களுக்கு அழைத்துப் போவது நல்ல காரியம். ஆனால், பேருந்து ஏற்பாட்டோடு திட்டமிடல் முடிந்துவிடக் கூடாது என்கிறோம்.

காரணம், ஒரே பேருந்தில் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த மேடை ஒன்றல்ல. ஊர்த்தெருப் பிள்ளைக்குப் பறை ஒரு கலை. காலனிப் பிள்ளை சிலருக்கோ அது அப்பாவும் தாத்தாவும் தோளில் சுமந்தது. சாவு வீட்டில் விடிய விடிய அடித்துவிட்டு, தள்ளி நின்று கூலி வாங்கிய நினைவு. நகரத்து மேடையில் கைதட்டு; ஊர் திரும்பினால் அதே பறைக்காக இழிசொல். இந்த முரணை ஆசிரியர் விளக்காவிட்டால் அந்தப் பிள்ளை தலைகுனிந்தே உட்கார்ந்திருக்கும்.

விளக்க நிறையவே இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையைச் சேர்த்துச் சொல்கிறது. எல்லா நிலத்துக்கும் உரியதாக இருந்த கருவி, பின்னாளில் ஒரு சாதியின் கட்டாய ஊழியமாக்கப்பட்டது. அந்த ஊழியத்தை மறுத்து, தென்னார்க்காட்டுப் பகுதியில் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் போராடினார்கள். மறுபுறம், அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அடிக்க மாட்டேன் என்றதும் சுயமரியாதை, மேடையேறி அடிப்பதும் சுயமரியாதை. கட்டாயப்படுத்துவதுதான் குற்றம். பட்டியல் சாதியினரைக் கட்டாய வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு விழாவுக்குப் போகட்டும்.

அடுத்து, பணம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பயணக் கட்டணம் ஒரு நாள் சோற்றுக் காசு. "கட்டாதவங்க எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் கேட்டால், எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. நேரடியாகவோ மறைமுகமாகவோ மாணவரின் சாதி வகுப்பறையில் வெளிப்படக் கூடாது என்று அது வலியுறுத்தியது. கட்டண வசூலுக்கும் இது பொருந்தும். கட்ட இயலாத பிள்ளைகளின் தொகையைப் பள்ளி மேலாண்மைக் குழு பெயர் சொல்லாமல் திரட்டலாம்.

நிகழ்ச்சிகள் மாலையில் தொடங்கி இரவுவரை நடக்கும். திரும்பும் பேருந்து ஊர் மந்தையோடு நின்றுவிடாமல் காலனி வரை போக வேண்டும். இருட்டில் பெண்பிள்ளைகளை நடக்கவிட முடியாது. இருக்கையும் சாப்பாட்டுப் பந்தியும் தெருவாரியாகப் பிரியாதபடி முன்கூட்டியே பெயர் வரிசையில் அமைத்துவிடலாம்.

"உங்க அப்பா அடிப்பாரே, நீ அடிச்சுக் காட்டு" என்று எந்த ஆசிரியரும் கேட்கக் கூடாது. பாராட்டாகச் சொன்னாலும் அது சாதியைச் சுட்டுவதுதான். விழாவில் கலைஞர்களோடு அரைமணி நேரம் பேச ஏற்பாடு செய்யுங்கள். பறையைத் தீயில் காய்ச்சுவது ஏன், இரண்டு குச்சிகளும் ஏன் வேறு வேறு நீளம், யாரிடம் கற்றார்கள், ஒரு நிகழ்ச்சிக்கு என்ன சம்பளம், வேலையில்லாத மாதங்களில் என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். செல்போனில் படம் எடுப்பதைவிட இந்தப் பேச்சில் கற்பது அதிகம்.

திரும்பி வந்தபின் பள்ளி ஆண்டு விழாவில் பறை ஒலிக்கட்டும். விரும்பிய எல்லாப் பிள்ளைகளும், பெண்பிள்ளைகள் உட்பட, அதைக் கற்கட்டும். கற்றுத்தர வரும் உள்ளூர்க் கலைஞரை 'ஐயா' என்று அழைத்து, மேடையில் நாற்காலி போட்டு, உரிய ஊதியம் கொடுங்கள். நகரத்தில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை நம் ஊரிலும் கிடைக்க வேண்டும். அதைத் தொடங்கிவைக்கப் பள்ளிக்கூடத்தால் முடியும்.