மீன் தொட்டிக்குப் பெரிய லைட் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு டைமர் வாங்குங்க

தொட்டியில செடி வளர்க்கிற நண்பர்களுக்கு ஒரு நீண்ட பதிவு. சுகர், பிரஷர் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச தூரம் போனா மருத்துவமும் வரும்.

எங்க வீட்டு ஹால்ல இருக்கிறது ஒன்றரை அடி தொட்டி. சுமார் 40 லிட்டர் தண்ணி. எட்டு நியான் டெட்ரா, கொஞ்சம் செர்ரி இறால், கட்டையில கட்டின அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஓரத்துல கிரிப்டோகொரைன். கூடவே வந்த 10 வாட் எல்இடி லைட்டுல எல்லாம் மெதுவாத்தான் வளர்ந்துச்சு. யூடியூப்ல பார்க்கிற பச்சைக் கம்பளம் நமக்கு ஏன் வரலைன்னு ஒரு ஏக்கம். 30 வாட் லைட் வாங்கி மாட்டினேன். காலையில போட்டா, நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்து ரசிச்சு முடிக்கிற வரைக்கும், ராத்திரி 10 மணி வரை எரியும்.

மூணாவது வாரம் இலை ஓரமெல்லாம் தலைமுடி மாதிரி பாசி. கிரிப்டோகொரைன் இலைகள் கூழாகிடுச்சு. (சூழல் திடீர்னு மாறினா இந்தச் செடி இப்படிக் கரையும். பிடுங்கி எறிஞ்சிடாதீங்க, பெரும்பாலும் வேர்ல இருந்து திரும்ப முளைக்கும்.)

ஏன் இப்படி ஆச்சு? இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகை வந்தவருக்கு பி12 ஊசியா போட்டுட்டே இருந்தா ஹீமோகுளோபின் ஏறாது. எது பற்றாக்குறையோ அதுதான் வளர்ச்சியைத் தீர்மானிக்கும். 19ஆம் நூற்றாண்டுலயே லீபிக் பயிர்களுக்குச் சொன்ன விதி இது. தொட்டியில பெரும்பாலும் பற்றாக்குறை கார்பன் டை ஆக்சைடு. காத்துல பரவுறதைவிட தண்ணியில அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவா பரவும். லைட்டை மூணு மடங்கு ஆக்கினேன், வாயு அப்படியே இருந்துச்சு. செடியால அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியலை. பாசி கிடைச்ச வாய்ப்பை விடலை.

இதுவரைக்கும் பணம்தான் நஷ்டம். அடுத்து நான் செஞ்சதுக்காகத்தான் இந்தப் பதிவே.

கடையில போய்ச் சொன்னதும் 'லிக்விட் கார்பன்'னு ஒரு பாட்டில் கொடுத்தாங்க. செடிக்கு கார்பனும் கிடைக்கும், பாசியும் போயிடும்னாங்க. பாசி அதிகமா இருக்கேன்னு சொன்ன அளவுக்கு ரெண்டு மடங்கு ஊத்தினேன். மறுநாள் காலையில நாலு இறால் செத்துக் கிடந்துச்சு, டெட்ரா எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பாதித் தண்ணியை மாத்திட்டு பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தேன். எண்டோஸ்கோப்பி அறை வாசனை!

குளுட்டரால்டிஹைடு. எண்டோஸ்கோப்பி குழாயைக் கிருமி நீக்கம் பண்ண ஆஸ்பத்திரியில 2 சதவீதக் கரைசலா பயன்படுத்துற ரசாயனம். கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம் இல்லாம தொடவே கூடாதுன்னு நர்ஸுகளுக்கு நாங்களே வகுப்பெடுப்போம். தோல் அலர்ஜி, கண் எரிச்சல், தொடர்ந்து சுவாசிச்சவங்களுக்கு ஆஸ்துமா வரைக்கும் போகும். 'லிக்விட் கார்பன்'னு விக்கிறதுல பெரும்பாலானது இதுதான், இல்லைன்னா இதோட நெருங்கிய சொந்தக்காரன்.

எங்க வீட்ல தொட்டிக்கு உரம் ஊத்துறது ஏழு வயசுப் பொண்ணு. அவளுக்கு வீசிங் உண்டு. பாட்டில் மூடிதான் அளவு கப்.

அந்த மூடி அவ கைக்குப் போறதுக்கு முன்னாடி நான் மோந்தது அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும். உரம்னு நினைச்சு ஸ்டூல் மேல ஏறி நின்னு அவ ஊத்தியிருப்பா.

சரி, பாசிக்கு என்னதான் பண்றது? லைட்டைக் குறைங்க. ஒரு டைமர் பிளக் வாங்கி தினமும் 6 மணி நேரம் மட்டும் எரிய விட்டேன். சாயங்காலம் 4 முதல் 10. வீட்டுக்கு வந்து ரசிக்கவும் ஆச்சு. லைட்டை ஒரு சாண் உயரம் தூக்கிக் கட்டினேன். மேல பாதி இடத்துல ஆகாயத்தாமரை. அது கார்பன் டை ஆக்சைடைக் காத்துல இருந்தே எடுத்துக்கும், கீழ நிழலும் கொடுக்கும். (பெருகினா குப்பையில போடுங்க, ஏரியில விட்டுடாதீங்க.) ஒன்றரை மாசத்துல பாசி அடங்கிடுச்சு.

பெரிய லைட்டே தப்புன்னு சொல்ல வரலை. தண்டு நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, அடி இலை உதிர்ந்துச்சுன்னா வெளிச்சம் போதலைன்னு அர்த்தம், அப்ப மாத்துங்க. கம்பளச் செடிதான் வேணும்னா கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கும் உரத்துக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்க. வாட்டைப் பார்த்து வாங்காதீங்க, அது கரண்ட் செலவு. லூமென் மனுஷக் கண்ணுக்கான கணக்கு. செடிக்கு 'பார்' மதிப்பு, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்குமான ஒளி எவ்வளவு விழுதுங்கிறதுதான் கணக்கு. டிம்மர் இருக்கிறதா வாங்கி பாதி வெளிச்சத்துல ஆரம்பிங்க.

எந்த லைட் மாட்டினாலும் ஒயரைப் பிளக்குக்குக் கீழ கொஞ்சம் தொங்க விட்டு மேல கொண்டு போங்க. ஒயர் வழியா வர்ற தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிடும், பிளக்குக்குப் போகாது. வீட்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேளுங்க. தொட்டிக்குள்ள கை விடும்போது எல்லா ஸ்விட்சையும் அணைச்சிடுங்க.

இப்ப அந்தப் பாட்டில் எங்க வீட்ல இல்லை. உரம் ஊத்துற வேலை மட்டும் இன்னும் பொண்ணுகிட்டதான் இருக்கு, டைமர்ல மணி செட் பண்றதும் அவதான்.