ஆமை ஓட்டு நோய்களும் விவசாயிகளின் கடமையும்

தை மாத நடுவில் மேட்டூர் அணை மூடப்பட்டதும் குடமுருட்டியிலும் அதன் பாசன வாய்க்கால்களிலும் நீர் வற்றத் தொடங்குகிறது. சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் பச்சை கட்டி நிற்கும் அந்நாட்களில், குட்டைகளிலும் மதகடிகளிலும் ஒதுங்கிய ஆமைகளைச் சிறுவர்கள் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வருவது வலங்கைமான் வட்டாரத்தில் புதிதன்று. கிணற்று நீர் சுத்தமாக இருக்கும் என்று சிலர் அதைக் கிணற்றில் விடுகிறார்கள். சிலர் சிமெண்ட் தொட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போட்டு, மிஞ்சிய சோற்றைத் தீனியாக வைத்து வளர்க்கிறார்கள். சில மாதங்களில் ஓட்டில் வெள்ளைத் திட்டுகள் தோன்றுகின்றன, அல்லது ஓடு மெத்தென்று அமுங்குகிறது. அப்போதுதான் மஞ்சள் பூசலாமா, வேப்பெண்ணெய் தடவலாமா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்கு விடை காணுமுன் ஓர் உண்மையைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் ஆமைக்கு ஓட்டில் வரும் கேடுகளில் பெரும்பாலானவை வைத்திருக்கும் முறையால் வருபவை. வெயில், தீனி, நீர் ஆகிய மூன்றும் கெட்டால் ஓடு கெடுகிறது. இவற்றைச் சரிசெய்யாமல் ஓட்டின் மேல் எதைப் பூசினாலும் பயன் இல்லை.

ஓடு என்பது என்ன?

ஆமை ஓடு நத்தைக் கூட்டைப் போன்றதன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாக இணைந்து உருவான எலும்புக் கவசம் அது. ஏறத்தாழ 60 எலும்புகள் அதில் சேர்ந்துள்ளன. அதன் மேல் நகம் போன்ற பொருளாலான தகடுகள் மூடியிருக்கின்றன. அடியில் இரத்த ஓட்டமும் உணர்வு நரம்புகளும் உண்டு. ஆகவே ஓட்டில் கீறினால் ஆமைக்கு வலிக்கும்; உடைந்தால் இரத்தம் வரும். மேலோட்டின் நேர் கீழே நுரையீரல் அமைந்திருக்கிறது. ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டுவதும், பெயிண்ட் அடித்துப் பெயர் எழுதுவதும் எவ்வளவு கொடுமை என்பது இதிலிருந்து விளங்கும்.

டெல்டாப் பகுதியில் சாதாரணமாகக் காணப்படுபவை இரண்டு வகை. ஒன்று, தோல் போன்ற வழவழப்பான ஓடுடைய பாலாமை. இதன் ஓட்டில் தகடுகள் கிடையா; விளிம்பு இயற்கையிலேயே சற்று வளையும். இதை நோய் என்று எண்ணிவிடக் கூடாது. மற்றொன்று, கடினமான கறுத்த ஓடுடைய கருப்பாமை. இவை தவிர, வறண்ட புதர்க்காட்டைச் சேர்ந்த நட்சத்திர ஆமையும், கடைகளில் விற்கப்படும் கன்னத்தில் சிவப்புக் கோடுடைய வெளிநாட்டு ஆமையும் சில வீடுகளுக்கு வந்து சேர்கின்றன.

கேடுகளைக் கண்டறிதல்

முதலாவது, ஓடு மென்மையாதல். கடின ஓடுடைய, வளர்ந்த ஆமையின் ஓடு விரலால் இலேசாக அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கொள்ளலாம். ஓட்டின் விளிம்பு மேல்நோக்கி வளைதல், தாடை மென்மையாதல், உடலைத் தூக்கி நடக்க இயலாமை ஆகியவையும் இதன் அறிகுறிகள். அரிசிச் சோற்றில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பாஸ்பரஸ் அதைப்போல் பல மடங்கு. ஆமையின் தீனியில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். சோறு மட்டும் தின்னும் ஆமை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவிடுகிறது. உண்ட சுண்ணாம்பு உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு நேரடி வெயில் வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. கிணற்றுக்குள் கிடக்கும் ஆமைக்கு வெயிலும் இல்லை, ஏறிக் காய இடமும் இல்லை.

இரண்டாவது, ஓட்டுத் தகடுகள் கோபுரம் கோபுரமாக மேடிடுதல். இது நட்சத்திர ஆமை போன்ற நில ஆமைகளில் காணப்படும். நட்சத்திர ஆமைக்கு ஓரளவு மேடு இயற்கை. அளவுக்கு மீறி ஒழுங்கற்று மேடிடுவதே குறை. இதற்குப் புரதம் மிகுந்த தீனியே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆப்பிரிக்க நில ஆமைக் குஞ்சுகளில் செய்யப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வு, வளரும் பருவத்தில் சுற்றுப்புற ஈரப்பதம் குறைவதே பெரிய காரணம் என்று காட்டியது. ஒருமுறை மேடிட்ட ஓடு மீண்டும் சமனாகாது.

மூன்றாவது, ஓடு அழுகல். நீர் மாற்றப்படாத தொட்டியிலும், ஏறிக் காய இடமில்லாத வாளியிலும் இது வருகிறது. பாக்டீரியாவும் பூசணமும் கீறல் வழியே உட்புகுகின்றன. சிறு குழிகள், வெண்மையான அல்லது இளஞ்சிவப்பான புண்கள், தகடு தளர்ந்து தூக்குதல், சீழ், துர்நாற்றம் ஆகியவை அறிகுறிகள். அடியோடு சிவந்து, ஆமை தீனி எடுக்காமல் சோர்ந்தால் நோய் இரத்தத்தில் கலந்திருக்கலாம். அந்நிலையில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நீரில் வாழும் கடின ஓட்டு ஆமைகளில் மெல்லிய, கண்ணாடி போன்ற செதில்கள் அவ்வப்போது உரிவதும் ஓட்டில் பாசி படிவதும் நோயல்ல. உரிந்த இடம் நாற்றமின்றி உறுதியாக இருந்தால் கவலை வேண்டாம்.

நான்காவது, ஓடு உடைதல். விவசாயிகள் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. கோடையில் பாலாமை ஈரம் தேடி மண்ணுக்குள் புதைந்து உறங்குகிறது. தூர்வாரும் பொக்லைன், சேடை ஓட்டும் டிராக்டரின் கேஜ்வீல், ரோட்டவேட்டர் ஆகியவற்றில் சிக்கி ஓடு பிளக்கிறது. நாய்க்கடியும் சாலை விபத்தும் மற்றக் காரணங்கள்.

முதலுதவியும் சிகிச்சையும்

ஓடு உடைந்த ஆமையைக் கண்டால் இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் மெல்ல அழுத்த வேண்டும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, 9 கிராம் உப்பைக் கரைத்து, அந்நீரில் நனைத்த துணியால் சேற்றைத் துடைக்கலாம். பிளவுக்குள் நீரை ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பின்னர் ஈ மொய்க்காதபடி சுத்தமான, சற்றே ஈரமான துணியால் புண்ணை மூடி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் நிழலில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நீரில் விடக் கூடாது. பசை, எம்-சீல் போன்றவற்றால் ஓட்டை ஒட்டவும் கூடாது. கிருமிகளை உள்ளே வைத்து அடைத்தது போலாகும். முறையாகச் சிகிச்சை செய்தால் உடைந்த ஓடு கூடும். ஆனால் அதற்குப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

ஓடு அழுகலுக்கு, வெளிறிய தேநீர் நிறம் வரும் அளவுக்கு நீரில் கலந்த போவிடோன் அயோடினை மென்மையான பிரஷ்ஷால் தடவிச் சுத்தம் செய்து, உலர்த்தி, ஆமையைக் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நீராமையாயின் தீனிக்காகவும் நீர் அருந்தவும் நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் சுத்தமான நீரில் விடலாம். இறந்த திசுவை அகற்றுவதும் தக்க மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் மருத்துவரின் வேலை. உள்ளூரில் முடியாதபோது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம்.

எண்ணெய், மஞ்சள் விழுது ஆகியவற்றைப் பூசுவதை விட்டுவிட வேண்டும். அவை அழுக்கைப் பிடித்து வைத்துப் புண்ணை மறைக்கும். கறவை மாட்டுக்கு வாங்கிய கால்சியம் டானிக்கை அளவு தெரியாமல் புகட்டுவதும் தவறு. எல்லாவற்றிலும் முக்கியமாக, ஆடு மாடுகளின் ஒட்டுண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்தை ஆமைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மாட்டுக்கு நல்ல மருந்தான அது ஆமைக்கு நஞ்சாகிறது. வாதம் கண்டு ஆமை இறந்துவிடும்.

ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம். வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் ஆமையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு இதனால் நோய் பரவியதன் காரணமாகவே 1975-இல் அமெரிக்க அரசு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை வீட்டு வளர்ப்புக்கு விற்பதைத் தடை செய்தது. இது தெரிந்தால், குடிநீர்க் கிணற்றில் ஆமையை விடுவது நீரைச் சுத்தமாக்கும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

சட்டமும் அச்சமும்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. 2022-இல் திருத்தப்பட்ட பின் பாலாமையும் நட்சத்திர ஆமையும் அதன் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வாணிகம் 2019-இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் முற்றாகத் தடுக்கப்பட்டது. வன விலங்கு கைக்கு வந்து சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வன அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

சட்டம் வேண்டியதே. ஆனால் அதைப் பற்றிய அச்சம் கிராமத்தில் வேறு விதமாக வேலை செய்கிறது. பேரன் பிடித்து வந்த ஆமை தொட்டியில் நோய்வாய்ப்பட்டால், மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றால் வழக்கு வருமோ என்று குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். ஆமை மறைவில் அழுகிச் சாகிறது. அல்லது இரவோடு இரவாக வாய்க்காலில் எறியப்படுகிறது. நோயுற்ற ஆமையை வாய்க்காலில் விட்டால் அங்குள்ளவற்றுக்கும் நோய் பரவும். நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது. குளத்தில் விட்டால் மூழ்கிவிடும். வெளிநாட்டுச் சிவப்புக் கன்ன ஆமையோ உலகின் மிக மோசமான 100 அயல் படையெடுப்பு உயிரினங்களுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. அதை விட்டால் நாட்டு ஆமைகளின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொள்ளும்.

ஆகவே கிராமங்களில் நடைபெறும் கால்நடை மருத்துவ முகாம்களிலேயே, வனத்துறையும் சேர்ந்து, தானாக ஒப்படைக்கப்படும் ஆமைகளைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். விற்பனைக்குப் பிடிப்பவனையும், அறியாமையால் எடுத்து வளர்த்துத் தாமாகக் கொண்டு வந்து கொடுக்கும் சிறு விவசாயியையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. ஒப்படைக்க வருவோரை அன்போடு வரவேற்றால் மறைத்து வைப்போர் குறைவர். சட்டத்தின் நோக்கமும் அதனால்தான் நிறைவேறும்.

விவசாயிகள் செய்யக்கூடியது

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்று பழமொழி சொல்வார்கள். வீட்டுக்கு அது ஆகுமோ ஆகாதோ, வயலுக்கு அது நல்ல விருந்தாளி. நத்தை, புழு, பூச்சி, வாய்க்காலில் செத்து மிதப்பவை ஆகியவற்றைத் தின்று நீர்நிலையைச் சுத்தம் செய்கிறது. அது செய்யும் இவ்வேலைக்குக் கூலி கேட்பதில்லை. பிடிக்காமல் விட்டால் போதும்.

தூர்வாரும்போது அள்ளிய சேற்றை உடனே வண்டியில் ஏற்றாமல் கரையில் சற்று நேரம் போட்டுப் பார்க்கலாம். அதில் காயமற்ற ஆமை இருந்தால் வீட்டுக்குக் கொண்டு போகாமல், அருகில் நீரோ ஈரச் சேறோ உள்ள பாதுகாப்பான இடத்தில் அப்போதே விட்டுவிட வேண்டும். சேடை ஓட்டுமுன் வரப்போரத்தையும் பள்ளங்களையும் ஒருவர் நடந்து பார்த்துவிடுவது நல்லது. பொக்லைன், டிராக்டர் ஓட்டுநர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். காயம்பட்டதைக் கண்டால் முதலுதவி செய்து மருந்தகத்துக்கும் வனத்துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஏற்கனவே வீட்டில் வைத்திருப்போர் இன்றே கிணற்றிலிருந்தும் வாளியிலிருந்தும் அதை எடுத்து, காலை வெயிலும் நிழலும் கிடைக்கும் இடத்தில் வைத்து, ஓட்டைத் தடவிப் பார்த்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படைக்கலாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குடமுருட்டியில் புதுவெள்ளம் வரும்போது, மண்ணுக்குள் உறங்கிய ஆமைகளும் எழுந்து வரும். அவை முழு ஓட்டோடு வருவது விவசாயிகளின் கையில் இருக்கிறது.