ஜூலை முதல் தேதி, ரோம்



பழைய ரோமில் ஜூலை முதல் தேதி என்றால் வீடு மாறும் நாள். வாடகை ஆண்டு அன்றுதான் தொடங்கும். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த போம்பெய் நகரின் சுவரொன்றில் ஒரு ‘டு-லெட்’ அறிவிப்பு எழுதியிருந்தது. கடைகள், கனவான்களுக்கேற்ற மாடிப் பகுதிகள், தனி வீடு, எல்லாம் ஜூலை முதல் வாடகைக்கு. வேண்டுவோர் நிகிடியஸ் மாயுஸின் அடிமை பிரீமுஸைப் பார்க்கவும். வீட்டு ஓனர் நம் கண்ணில் படாத வழக்கம் அப்போதே வந்துவிட்டது போலும்!

ரோம் நகரத்தில் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் குடியிருந்தார்கள். அடுக்குமாடிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இன்சுலா’, அதாவது தீவு. கீழே கடைகள் இருக்கும். மேலே போகப் போக அறை சிறுக்கும், வாடகையும் குறையும். கவிஞர் மார்ஷியலும் மூன்று மாடி ஏறித்தான் வீட்டுக்குப் போனார். கட்டடங்கள் அடிக்கடி சரிந்ததால் பேரரசர் அகஸ்டஸ் உயரத்தை 70 அடிக்குள் நிறுத்தினார். பின்னால் வந்த பேரரசர் டிராஜன் அதை 60 ஆக்கினார்.

பேச்சாளர் சிசரோவும் ஒரு வீட்டு ஓனர்தான். கி.மு. 44-இல் தன் கடைகளில் இரண்டு இடிந்துவிட்டன, மற்றவை விரிசல் விட்டுவிட்டன என்று நண்பர் அட்டிகஸுக்கு எழுதினார். குடியிருந்தவர்கள் மட்டுமல்ல, எலிகள்கூட ஓடிவிட்டனவாம். எழுதியவருக்கு அது வேடிக்கை. ஓடியவர்கள் மிச்ச மாத வாடகையைக் கொடுக்க வேண்டுமா?

ஏறக்குறைய அதே காலத்துச் சட்ட அறிஞர் அல்ஃபேனஸ் வாரஸின் பெயரில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. பயப்படுவதற்குக் காரணம் இருந்தால், உண்மையில் ஆபத்து இல்லாமல் போயிருந்தாலும் வாடகை தரவேண்டாம். காரணமில்லாத பயம் என்றால் தந்தே ஆகவேண்டும். இதைப் படித்ததும் எங்கள் பழைய வாடகை வீடு நினைவுக்கு வந்தது. கூரையில் காரை உப்பி நின்றதைக் காட்டியபோது “இன்னும் விழலையே சார்” என்றார் ஓனர். அல்ஃபேனஸைத் தெரிந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

அல்ஃபேனஸின் பதில் இருப்பது கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்ட நூலில். அதில் இப்படி எத்தனையோ வழக்குகள். ஒருவர் ஒரு கட்டடம் முழுவதையும் முப்பதுக்கு எடுத்து, பகுதி பகுதியாக நாற்பதுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். பழுது என்று சொல்லி ஓனர் இடித்துவிட்டார். இடித்தே தீரவேண்டிய நிலை என்றால் மீதிக் காலத்து வாடகை மட்டும் கழியும். இன்னும் நன்றாகக் கட்டும் ஆசையில் இடித்திருந்தால் உள்வாடகைக்கு விட்டவரின் இழப்பையும் சேர்த்துத் தரவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டடம் எழுப்பி ஜன்னல் வெளிச்சத்தை மறைத்தால் குடித்தனக்காரர் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறலாம் என்கிறார் சட்ட அறிஞர் கையுஸ்.

ஓனருக்கும் ஒரு பிடி இருந்தது. குடித்தனக்காரர் வீட்டுக்குள் கொண்டுவந்த சாமான்கள் வாடகைக்கு ஈடு. பாக்கி வைத்தால் கதவைப் பூட்டிச் சாமான்களைப் பிடித்துக்கொள்ளலாம். பாக்கி இல்லாதவரைத் தடுத்தால், சாமான்களை எடுத்துப்போக நீதிபதியின் ஆணை பெறலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் கட்டிலும் மேசையும் உள்ள குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதியது. கூரையடியில் நாள் வாடகைக்குப் படுத்தவர்கள் இந்தப் பக்கங்களில் அநேகமாக இல்லை.

ஏழைக் குடித்தனக்காரர் ஒருவரை மார்ஷியல் ஒரு ஜூலை முதல் தேதியில் பார்க்கிறார். பெயர் வக்கெர்ரா. இரண்டு வருட வாடகை பாக்கி. மனைவி, தாய், சகோதரி என மூன்று பெண்கள் சாமான் சுமந்து வருகிறார்கள். மூன்று கால் கட்டில், இரண்டு கால் மேசை, ஓட்டைப் பாத்திரங்கள். மார்ஷியல் சிரிக்கிறார். நானும் முதலில் சிரித்தேன். இரண்டு வருடப் பாக்கிக்கு ஈடாகக்கூட அந்தச் சாமான்களில் ஒன்றையும் ஓனர் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்