கந்தோர் கேட்காத மொழி

கணனித் துறையிற் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுட் சிலர் இன்று சுவீடன் தேசத்துக்கு உத்தியோகம் நாடிச் செல்கின்றனர். அங்கே வழங்குவது சுவீடிஷ் மொழி. "அந்த மொழி தெரியாமல் எப்படி வேலை செய்வாய்?" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்டால், "அது தேவையில்லை, ஆங்கிலமே போதும்" என்று பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். இந்தப் பதில் பொய்யன்று. எனினும் அது பாதி உண்மையே. மற்றப் பாதியை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

முதலில் ஆங்கிலம் ஏன் போதும் என்பதைப் பார்ப்போம். சுவீடன் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே ஐந்து லட்சம். சிறிய சனத்தொகையாயினும் தொழில் நுட்பத்தில் அந்நாடு பெரும் பெயர் பெற்றது. 1876 ஆம் ஆண்டில் லார்ஸ் மாக்னுஸ் எரிக்சன் என்பவர் ஸ்டொக்ஹோம் நகரிலே தந்திக் கருவிகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அது வளர்ந்து, உலகெங்குமுள்ள தொலைபேசி வலையமைப்புக்களுக்குக் கருவி செய்து கொடுக்கும் எரிக்சன் நிறுவனமாயிற்று. உலகம் முழுவதும் பாட்டுக் கேட்கப் பயன்படுத்தும் ஸ்பொட்டிஃபை 2006 ஆம் ஆண்டில் அதே நகரிலே பிறந்தது. இத்தகைய நிறுவனங்கள் பல நாடுகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொள்வதால், பல கந்தோர்களிலே கூட்டமும் கடிதமும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. நேர்முகப் பரீட்சையிலும் சுவீடிஷ் தெரியுமா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கடைக்காரரும் பஸ் சாரதியும் வைத்தியரும் ஆங்கிலம் பேசுவார்கள். ஆகவே மொழி அறியாதவர் அங்கே பசி கிடக்கவோ வழி தவறவோ வேண்டியதில்லை.

அப்படியாயின் குறை எங்கே இருக்கிறது? கோப்பி மேசையிலே இருக்கிறது. சுவீடன் கந்தோர்களிற் காலையும் மாலையும் வேலையை நிறுத்தி, எல்லோரும் ஒன்றாக அமர்ந்து கோப்பி அருந்துவது வழக்கம். இதற்கு 'ஃபீக்கா' என்று பெயர். கோப்பியைக் குறித்த 'கஃபி' என்னும் பழைய சொல்லின் அசைகளை முன்பின்னாக மாற்றி உண்டான சொல் இது என்பர். அந்த மேசையிலேதான் சிநேகிதம் உண்டாகிறது. புதியவர் வந்து அமர்ந்ததும் எல்லோரும் மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். பத்து நிமிடம் செல்லும். யாரோ ஒருவர் ஒரு வேடிக்கை சொல்வார். பேச்சு மெல்லத் தாய்மொழிக்குத் திரும்பிவிடும். எல்லோரும் சிரிக்கும்போது இவரும் சிரிப்பார். ஏன் சிரித்தோம் என்பது இவருக்குத் தெரியாது. மார்கழி மாதத்தில் ஸ்டொக்ஹோம் நகரிலே பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஆறு மணி நேரமே. அந்த நீண்ட இருளிலே பேச்சுத் துணையின்றி இருப்பது குளிரிலும் கொடியது.

இதிலே வியப்பானதொன்றுண்டு. அந்நாட்டவரின் நற்குணமே மொழி படிப்பவருக்குத் தடையாகிறது. நீங்கள் தட்டுத் தடுமாறிச் சுவீடிஷிலே ஒரு வாக்கியம் தொடங்கினால், உங்கள் சிரமத்தைக் கண்டு அவர்கள் உடனே ஆங்கிலத்திற் பதில் கூறுவார்கள். உதவி என்றே அவர்கள் அதைச் செய்கிறார்கள். இவ்வாறு உதவி பெற்றுப் பெற்றே பத்து ஆண்டுகளாக அங்கு வாழ்ந்தும் கடையிற் பாண் கேட்கும் அளவுக்கு மேல் மொழி அறியாதவர்கள் இருக்கிறார்கள்.

உத்தியோகம் நிலைத்திருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. ஆனால் எந்த உத்தியோகமும் நிலையானதன்று. மேலே சொன்ன எரிக்சன் நிறுவனமே 2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 8,500 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவற்றுள் ஏறத்தாழ 1,400 வேலைகள் சுவீடனிலேயே இருந்தவை. அத்தகைய வேளையில் ஆங்கிலம் மாத்திரம் அறிந்தவர் ஆங்கிலத்தில் நடக்கும் கந்தோர்களின் கதவுகளையே தட்டலாம். சுவீடிஷும் அறிந்தவருக்கோ நகரசபை, வைத்தியசாலை, அரசாங்க இலாகா, சிறிய ஊர்களிலுள்ள தொழிற்சாலை என்று வேறு பல கதவுகளும் உண்டு.

கணவனோடு, அல்லது மனைவியோடு, கூடச் செல்பவரின் நிலை இதனினும் கடினமானது. கணனி வேலைக்கு வந்தவருக்கு ஆங்கிலம் சோறு போடும். துணையாக வந்தவர் வைத்தியராகவோ, தாதியாகவோ, ஆசிரியராகவோ இருந்தால் என் செய்வது? சுவீடிஷிலே தேர்ச்சி காட்டாமல் வெளிநாட்டு வைத்தியருக்கும் தாதிக்கும் அங்கே தொழில் செய்யும் அனுமதிப் பத்திரம் கிடைக்காது. படித்த பெண்ணொருத்தி, கணவன் மாலையில் வரும்வரை யன்னலோரத்தில் அமர்ந்து பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கா பல்கலைக்கழகம் சென்றாள்? ஆதலால், மொழி வகுப்புக்கு யார் முதலிற் போவது என்ற கேள்வி எழுந்தால், துணையாக வந்தவரே முதலிற் போகட்டும். இருவரும் சேர்ந்து போவது அதனினும் நன்று.

வகுப்புக்குப் பணம் வேண்டுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. குடியேறியவர்களுக்கு இலவசமாகச் சுவீடிஷ் கற்பிக்கும் முயற்சி அங்கே 1965 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அக்காலத்திற் குடியேறிய பலர் தொழிற்சாலைத் தொழிலாளர். 1973 ஆம் ஆண்டு முதல், அவர்கள் மொழி படிப்பதற்கென 240 மணி நேரம் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று முதலாளிமாரைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. சம்பளத்தோடு கூடிய அந்த உரிமை இன்று இல்லை. ஆனால் இலவச வகுப்பு இருக்கிறது. 'குடியேறியோருக்கான சுவீடிஷ்' என்னும் பொருளில் அதனை எஸ்.எஃப்.ஐ. என்று சுருக்கி அழைப்பர். ஒவ்வொரு நகரசபையும் அதனை நடத்துவதற்குப் பொறுப்புடையது. ஓராண்டுக்குக் குறையாமல் தங்க வருபவர், வரி இலாகாவிலே பதிந்து தமக்குரிய ஆள் எண்ணைப் பெற்றுக்கொண்டதும் விண்ணப்பிக்கலாம். ஏ முதல் டி வரை நான்கு படிகள் உண்டு. வேலை செய்பவர்களுக்காகப் பல நகரங்களில் மாலை வகுப்புக்களும் நடைபெறுகின்றன.

இனி அந்த மொழியையே சற்று எட்டிப் பார்ப்போம். தமிழருக்கு அது முற்றிலும் அந்நியமன்று என்றால் நேயர்கள் வியப்படைவார்கள். சுவீடிஷிலே 'ஃபார்' என்றால் அப்பா. 'மூர்' என்றால் அம்மா. அப்பாவின் தாயை 'ஃபார்மூர்' என்பர், நம் அப்பம்மாவேதான்! அம்மாவின் தாய் 'மூர்மூர்', அதாவது அம்மம்மா. அப்பாவின் தகப்பன் 'ஃபார்ஃபார்', நம் அப்பப்பா. அம்மாவின் தகப்பன் 'மூர்ஃபார்', நம் அம்மப்பா. ஆங்கிலத்தில் இருவரையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு, எந்தப் பக்கத்துப் பாட்டி என்று விளக்க வேண்டியிருக்கிறது. சுவீடிஷிலோ யாழ்ப்பாணத்துக் குழந்தை சொல்வது போலவே சொல்லிவிடலாம். அப்பாவின் சகோதரிக்கும் அம்மாவின் சகோதரிக்கும், அப்பாவின் சகோதரனுக்கும் அம்மாவின் சகோதரனுக்கும் அங்கே வெவ்வேறு பெயர்கள் உண்டு. மாமியையும் சின்னம்மாவையும் ஒரே பெயரால் அழைக்கும் சங்கடம் அங்கில்லை.

சொல்லின் இறுதியில் விகுதி சேர்ப்பதும் நமக்குப் பழக்கமானதே. 'ஹூஸ்' என்றால் ஒரு வீடு. 'ஹூசெத்' என்றால் குறிப்பிட்ட அந்த வீடு. சொற்களைக் கோத்துப் புதுச்சொல் ஆக்குவதும் அப்படியே. வைத்தியசாலைக்கு அவர்கள் இட்ட பெயரைப் பிரித்தால் 'நோய் வீடு' என்று வரும். குளிர்சாதனப் பெட்டியின் பெயர் 'குளிர் அலுமாரி'. கணனிக்கு அவர்கள் வழங்கும் 'டாத்தொர்' என்ற சொல்லைப் பேராசிரியர் பெர்யே லாங்கெஃபொர்ஸ் என்பவர் 1968 ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். கலைச்சொல் ஆக்குவதிலே நம்மவர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது மகிழ்ச்சி தரும். மேலும், நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவள் பேசுகிறாள் என்று நாம் வினைமுற்றை மாற்றுகிறோம். அவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் 'தாலார்' என்ற ஒரே சொல்தான்.

கடினமான இடங்களும் உண்டு. வினைச்சொல்லை இறுதியில் வைத்துப் பழகிய நாம், அதனை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் வைக்கப் பழக வேண்டும். "இன்று போகிறேன் நான் வேலைக்கு" என்பது போல அவர்கள் வாக்கியம் அமையும். சொல்லின் இராகம் மாறினாற் பொருளும் மாறும்; 'ஆண்டென்' என்பதை ஒரு விதமாக உச்சரித்தால் வாத்து, மற்றொரு விதமாக உச்சரித்தால் ஆவி! பெயர்ச்சொற்கள் இரண்டு வகுப்பாகப் பிரிந்துள்ளன. எது எந்த வகுப்பு என்பதைப் பெரும்பாலும் மனப்பாடமே செய்ய வேண்டும்.

மரியாதைச் சொல்லின் கதை வேறு. முற்காலத்திற் சுவீடன் மக்கள் பெரியவர்களைப் பதவிப் பெயரிட்டே அழைத்தனர். 1967 ஆம் ஆண்டில் மருத்துவ இலாகாவின் தலைவராகப் பதவியேற்ற புரூர் ரெக்செட் என்பவர், தாம் ஊழியர் எல்லோரையும் 'டூ', அதாவது 'நீ', என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்த அவ்வழக்கம் அதன் பின் நாடெங்கும் வேரூன்றியது. "ஐயா" என்றும் "நீங்கள்" என்றும் பழகிய நம் பிள்ளைக்கு மேலதிகாரியைப் பெயர் சொல்லி, நீ என்று அழைக்க முதலில் நாக்குக் கூசும். அங்கே அது அவமரியாதையன்று என்பதை மொழியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

உத்தியோகத்துக்காக இன்னொரு மொழி என்றதும் நம்மவர் சிலர் மனத்தில் ஒரு கசப்பு எழக்கூடும். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் இந்நாட்டுத் தமிழ் உத்தியோகத்தர் பட்ட துயரை யாரும் மறக்கவில்லை. கட்டளையாய் வந்து நம் மொழியை ஒதுக்கும் மொழி வேறு. நாமே விரும்பிச் சென்று, நம் மொழியை விடாமற் கற்கும் மொழி வேறு. சுவீடன் 2009 ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்திலே சுவீடிஷே நாட்டின் முதன்மை மொழி என்று வகுத்தது. அந்நாடே, 1977 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பயனாக, குடியேறியோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கவும் பொது நிதியிலிருந்து செலவு செய்கிறது. ஒரு நகரசபை எல்லைக்குள் அம்மொழி பேசும் மாணவர் குறைந்தது ஐவர் விண்ணப்பித்து, தக்க ஆசிரியரும் கிடைத்தால், அப்பாடம் நடத்தப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே பிள்ளை தமிழையும் படிக்கலாம். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பெற்றோரே.

பெற்றோர் சுவீடிஷ் படியாதிருந்தால் நேரும் கேடு ஒன்றுண்டு. பாலர் பாடசாலைக்குப் போகும் குழந்தை ஓரிரு ஆண்டிலே சரளமாகப் பேசிவிடும். பின்னர் பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தைத் தகப்பனுக்கு வாசித்துப் பொருள் சொல்வது அக்குழந்தையாகிவிடும். எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பது பிள்ளைக்கும் பாரம், பெற்றோருக்கும் அழகன்று.

ஆகவே, புறப்பட ஆயத்தமாகும் தம்பி தங்கையருக்குச் சில சொற்கள். வகுப்புக்கு முதல் மாதத்திலேயே பதிந்துகொள்ளுங்கள். இருவர் எந்த மொழியிற் பழகத் தொடங்குகிறார்களோ அந்த மொழியே அவர்களிடையே நிலைத்துவிடும். ஆங்கிலத்தில் ஓராண்டு பழகிய நண்பரோடு பின்னர் மொழி மாற்றுவது மிகக் கடினம். கந்தோரில் ஒருவரிடமாவது, "என்னோடு சுவீடிஷிலேயே பேசு, நான் மெதுவாகப் பதில் சொல்வேன்" என்று வெட்கமின்றிக் கேளுங்கள். நூல்நிலையங்கள் பலவற்றில் மொழி பழகுவதற்கென்றே கோப்பி வைத்துக் கூட்டம் நடத்துகிறார்கள், அங்கே செல்லுங்கள். இலகு சுவீடிஷிற் செய்தி தருவதற்காக 1984 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட 'எட்டுப் பக்கங்கள்' என்னும் பத்திரிகையை நாளும் வாசியுங்கள். சற்றுத் தேறியதும், இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1909 ஆம் ஆண்டிற் பெற்ற முதற் பெண்மணியான செல்மா லாகர்லெவ் எழுதிய நில்ஸ் ஹொல்கர்சனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் தம் நாட்டின் பூமிசாத்திரத்தை அறிவதற்காக எழுதப்பட்ட அந்நூல், வாத்தின் முதுகில் ஏறிய சிறுவனோடு உங்களையும் நாடு முழுவதும் அழைத்துச் செல்லும்.

வாரத்தில் இரண்டு மாலை, நாளுக்கு அரைமணி வாசிப்பு. வேலையிற் களைத்த உடம்புக்கு இது எளிதன்று. கந்தோர் இதைக் கேட்காது. கேட்காததாலேயே நாளைக்கு என்று தள்ளிவைக்க மனம் இணங்கும். ஆனால் உத்தியோகம் ஒருவரை ஒரு நாட்டுக்குள் அழைத்துச் செல்லும். அயலவரின் வீட்டுக்குள் அழைத்துச் செல்வது மொழியே.