விதி எழுதும் கை

நுழையும்முன்

ஓர் ஆட்டத்தின் காய்கள் தொலைந்தால் வேறு காய்களைத் தேடிக்கொள்ளலாம். கட்டம் அழிந்தால் மீண்டும் வரைந்துகொள்ளலாம். விதி மறைந்தால் ஆட்டமே மறைந்துவிடும். மரபான போர் ஆட்டங்களின் விதிகளை இணையத்தில் பதிவுசெய்யும் பணி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மலையடிவாரத்துப் போர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். இவ்வூர்களுக்கு மேற்கே உள்ள மலைக்காடுகள் 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. மேலே காட்டில் புலி. கீழே மேய்ச்சல் நிலத்தில் ஆடு. இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் எதிரெதிரே நிறுத்துவது ஆடுபுலி ஆட்டம். திண்ணையில் கரித்துண்டால் வரைந்த கோடுகள், புளியங்கொட்டைகள், சில கூழாங்கற்கள் ஆகியவையே இந்தப் போருக்குப் போதுமான படைக்கலங்கள்.

பரவலாக ஆடப்படும் முறையில் கட்டத்தில் 23 புள்ளிகள் உள்ளன. ஒருவரிடம் 3 புலிகள். மற்றவரிடம் 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, சூழ்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைக்கும். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைப் பெயரிலேயே கொண்ட சதுரங்கத்தில் இரு பக்கமும் படை சமம். ஆடுபுலியிலோ ஒரு பக்கம் வலிமை, மறுபக்கம் எண்ணிக்கை. சமமற்ற இருவர் மோதும் போரை மிக எளிய கருவிகளால் காட்டும் ஆட்டம் இது.

அச்சேறிய போரும் அச்சேறாப் போரும்

மேலை நாடுகளிலும் மேசைமேல் ஆடும் போர் ஆட்டங்கள் உண்டு. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரெய்ஸ்விட்ஸ், வீரர்களின் பயிற்சிக்கான போர் ஆட்டம் ஒன்றின் விதிகளை 1824ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் ஆட்டத்தின் விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் 1913இல் எழுதினார். அந்நூல் இன்று குட்டன்பர்க் திட்டத்தின் இணைய நூலகத்தில் எவரும் படிக்கக் கிடைக்கிறது. அச்சில் இருந்ததை இணையத்துக்கு மாற்றினால் அங்கே பணி முடிந்துவிடுகிறது.

ஆடுபுலிக்கு இத்தகைய முதல் நூல் இல்லை. அதன் விதிகள் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும் வாய்மொழியாகவே வந்தவை. எனவே இங்கே இணையப் பதிவு என்பது படியெடுக்கும் வேலையன்று. கேட்டு எழுதும் வேலை. கேட்பதில் பிழை நேர்ந்தால் அப்பிழையைத் திருத்த மூலநூல் எதுவும் கிடையாது.

சொல் வாழ்ந்தது, ஆட்டம் மறைந்தது

விதி எழுதப்படாத ஆட்டத்துக்கு என்ன நேரும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. ‘வல்’ என்பது பழந்தமிழர் ஆடிய பலகை ஆட்டம் ஒன்றோடு தொடர்புடைய சொல். அச்சொல், நாய், பலகை ஆகிய சொற்களோடு சேரும்போது எவ்வாறு புணரும் என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் கூறுகிறது. இங்கு ‘நாய்’ என்பது ஆட்டக் காயைக் குறிக்கும். காயின் பெயர் கிடைத்தது. பலகை இருந்தது என்பதும் கிடைத்தது. சொற்களின் புணர்ச்சி விதியும் கிடைத்தது. ஆட்டத்தின் விதி மட்டும் கிடைக்கவில்லை.

இலக்கியம் ஆட்டத்தின் உணர்வைக் காக்கும். திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாள், சிறுமியர் மணலில் சிற்றில் இழைத்து விளையாடுவதை நாச்சியார் திருமொழியில் பாடியுள்ளார். அவ்விளையாட்டின் மகிழ்வும் சினமும் இன்றும் படிப்போரைத் தொடுகின்றன. ஆயினும், முதலில் யார் ஆடுவது, எப்போது வெற்றி என்பவற்றைச் சொல்வது கவிதையின் கடமையன்று. அதற்கென வேறொரு வகை எழுத்து வேண்டும்.

பாவாணர் காட்டிய வழி

அத்தகைய எழுத்துக்கு வழிகாட்டியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். இராசபாளையத்தை அடுத்த முறம்பில் இளமையில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூலை எழுதினார். அந்நூலின் பெருமை, விளையாட்டுகளைத் தொகுத்ததில் மட்டும் இல்லை. தொகுத்த ஒழுங்கில் உள்ளது. ஆட்டின் பெயர், ஆடுவார் தொகை, ஆடு கருவி, ஆடிடம், ஆடு முறை எனத் தலைப்பிட்டு விளையாட்டுகளை அவர் விளக்கினார். சொற்பிறப்பியல் அகரமுதலிக்காக உழைத்த அறிஞரின் கண் விளையாட்டிலும் அதே ஒழுங்கைக் கண்டது. கணினித் தரவுத்தளம் ஒன்றை வடிவமைப்போர் இன்று வகுக்கும் புலங்களுக்கும் பாவாணரின் தலைப்புகளுக்கும் வேறுபாடு சிறிதே. அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளதால், அவற்றை இணையத்தில் பயன்படுத்தவும் தடையில்லை.

ஆயினும் இணையப் பதிவுக்கு இவ்வொழுங்குமட்டும் போதாது. ‘ஆடு முறை’ என்னும் தலைப்பின்கீழ் எழுதும் ஒவ்வொரு சொல்லிலும் ஆட்டம் அடங்கியிருக்கிறது.

‘லாம்’ ஒன்று, ‘வேண்டும்’ ஒன்று

“புலி ஆட்டைத் தாண்டி வெட்டும்” என்னும் தொடர் முழுமையானதாகத் தோன்றும். ஆட்டத்தை அறியாத ஒருவர் அதைப் படித்தால் வினாக்கள் எழும். எந்தத் திசையில் தாண்டும்? தாண்டிய பின் எங்கே இறங்கும்? ஒரே முறையில் இரண்டு ஆடுகளை வெட்டலாமா? வெட்ட வாய்ப்பிருந்தும் வெட்டாமல் விடலாமா?

அதையே இவ்வாறு எழுதலாம்: “புலிக்கு அடுத்த புள்ளியில் ஓர் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் ஆட்டுக்கு அடுத்த புள்ளி வெறுமையாக இருந்தால், புலி அந்த ஆட்டைத் தாண்டி வெறும்புள்ளியில் இறங்கலாம். தாண்டப்பட்ட ஆடு கட்டத்திலிருந்து நீக்கப்படும்.” இதில் ‘இறங்கலாம்’ என்பதை ‘இறங்க வேண்டும்’ என மாற்றினால் போரின் இயல்பே மாறிவிடும். வெட்டுவது கட்டாயம் என்றால், ஆடுகளை நடத்துபவர் ஓர் ஆட்டைப் பலி கொடுத்துப் புலியைத் தாம் விரும்பும் மூலைக்கு இழுத்து அடைத்துவிட முடியும். வலிமையற்ற பக்கத்துக்கு ஒரு சூழ்ச்சி பிறக்கிறது. வெட்டுவது விருப்பம் என்றால், புலி அந்தப் பொறியைப் பார்த்து விலகிச் செல்லும். ஒரு வினைமுற்று வெற்றியின் பக்கத்தையே மாற்றுகிறது. தெளிவான உரைநடை எழுதுவது எத்தகைய பொறுப்பு என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

எது சரியான விதி?

இராசபாளையத்தில் ஆடிப் பழகிய ஒருவரும் திருவில்லிபுத்தூரில் ஆடிப் பழகிய ஒருவரும் ஒரு கட்டத்தின் முன் அமர்ந்தால், ஆட்டத்துக்கு முன் ஓர் உடன்பாடு தேவைப்படலாம். புலிகளை முதலிலேயே வைப்பதா, ஆடுகளோடு மாறி மாறி வைப்பதா? எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி? ஒரே ஊரில் வாழும் தெலுங்கு பேசும் குடும்பத்தார் இதனைப் ‘புலி ஜூதம்’ என்று அழைக்கவும் கூடும். எல்லை கடந்து நேபாளத்துக்குச் சென்றால், ‘பாக் சால்’ என்னும் உறவு ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். அங்கே 5 ஆடுகளை வெட்டினால் புலி வெல்லும்.

இவற்றுள் எது சரி என்று கேட்பதே தவறு. ஆடியவர்கள் ஏற்றுக்கொண்ட எல்லாம் சரி. பதிவுசெய்பவர் சாட்சி, நடுவர் அல்லர். ஆனால் இணையம் நடுவராகிவிடும் இயல்புடையது. தேடியவுடன் முதலில் வரும் விதியே ‘உண்மையான விதி’ என நம்பப்படுகிறது. கைப்பேசிச் செயலியாக வந்த ஆடுபுலியில் வாதாடவும் இடமில்லை. செயலியை எழுதியவர் ஏற்ற விதிக்கு மாறான நகர்வைத் திரை ஏற்காது. நூறு ஊர்களின் ஆட்டம் இவ்வாறு ஓர் ஆட்டமாகச் சுருங்கினால், அது காப்பாற்றப்பட்டதாகக் கருத முடியாது.

இதற்கு வழி உண்டு. நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2018ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வுத் திட்டம் ஒன்று, உலகின் ஆயிரம் மரபு ஆட்டங்களைக் கணினியில் ஆடத்தக்க வடிவில் தொகுக்க முனைந்தது. ஓர் ஆட்டத்துக்குப் பல விதித் தொகுதிகள் இருக்கலாம் என அது ஏற்றது. தமிழ் விக்கிப்பீடியா போன்ற பொதுத்தளத்தில் எழுதுவோரும் இதைப் பின்பற்றலாம். கேட்டறிந்த விதி, நூலில் கண்ட விதி, எழுதுபவர் ஊகித்து நிரப்பிய விதி ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். எந்த ஊரில் கேட்டது என்பதையும் குறிக்க வேண்டும்.

ஆடுவோர் உள்ளவரை

“ஆட்டம் ஆடுவதற்குரியது, எழுதி வைத்தால் அது அருங்காட்சியகப் பொருளாகிவிடும்” என்பார் உளர். அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எழுதிய விதி ஆடுவோரை உருவாக்கிவிடாது. ஆனால் ஆட விரும்பும் ஒருவர், கற்றுத்தர எவரும் இல்லாத வீட்டிலோ அயல்நாட்டிலோ இருக்கும்போது, அவருக்கு எஞ்சியிருப்பது எழுத்து மட்டுமே. வல் ஆட்டத்தை அறிய விரும்புவோர்க்கு அந்த எழுத்தும் இல்லை.

ஆடுபுலியை ஆடியவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று, கட்டத்தை வரையச் சொல்லி, ஓர் ஆட்டம் ஆடி, ஐயமுள்ள இடத்தில் நிறுத்திக் கேட்டு, ஊரும் பெயரும் மாறாமல் எழுதுவதற்குக் கணினியறிவு மிகுதியாகத் தேவையில்லை. எழுதியதை அந்த ஆட்டம் தெரியாத நண்பரிடம் கொடுத்து, எவரையும் கேளாமல் ஆடச் சொல்ல வேண்டும். அவர் தயங்கி நிற்கும் இடமே விதி இன்னும் முழுமையாக எழுதப்படாத இடம். அங்கே மீண்டும் பெரியவரிடம் சென்று கேட்க வேண்டும்; அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும்.