மேதை தனியாகக் கண்டதில்லை

ஆய்வுக்கூடத்தில் தனித்திருக்கும் மேதைக்குத் திடீரென்று மூளையில் ஏதோ பளிச்சிடுகிறது. உலகுக்கு ஓர் உண்மை கிடைத்துவிடுகிறது. அறிவியல் என்றால் இதுதான் என்று சிறு வயதிலிருந்தே நம்பவைக்கிறார்கள். இது பொய். பொய் என்பதை 1935-லேயே ஆதாரத்தோடு எழுதியவர், அன்று போலந்திலிருந்த லிவோவ் நகரத்து யூத மருத்துவர் லுட்விக் ஃப்ளெக்.

அவர் ஆராய்ந்தது சிபிலிஸ் நோய்க்கான வாஸர்மன் ரத்தப் பரிசோதனையை. 1906-ல் வாஸர்மனும் கூட்டாளிகளும் அதை வெளியிட்டபோது, நோயுற்ற உறுப்பின் சாறு இருந்தால்தான் சோதனை பலிக்கும் என்று எண்ணினார்கள். பிறகு பார்த்தால், நோயே இல்லாத மாட்டு இதயத்தின் சாறும் பலித்தது! அடிப்படை எண்ணமே பிழை. தொடக்கத்தில் நோயாளிகளில் நூற்றுக்கு 15, 20 பேரிடம் மட்டுமே நோயைக் காட்டிய சோதனை, பின்னர் 70, 90 பேர் வரை காட்டியது. சாற்றின் அளவையும் நேரத்தையும் கூட்டிக் குறைத்துப் பார்த்த, பெயர் பதிவாகாத எத்தனையோ பேரின் கை அதில் இருக்கிறது. அதற்கும் முன்னால், சிபிலிஸ் என்றால் ‘கெட்ட ரத்தம்’ என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் பேசிவந்த பேச்சு இருக்கிறது. அது இல்லையென்றால் ரத்தத்தில் இவ்வளவு பிடிவாதமாகத் தேடியிருக்க மாட்டார்கள் என்பது ஃப்ளெக்கின் வாதம். ஆனால் பின்னாளில் வாஸர்மன் திரும்பிப் பார்த்து எழுதியபோது, முதலிலிருந்தே வழி தெரிந்து நடந்தவர்போல எழுதினார். பாடநூல்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கதையைத்தான்.

“அப்படியானால், கூட்டம் கூடி ஒப்புக்கொண்டதுதான் உண்மையா?” என்று கேட்பார்கள். இதற்கு ஃப்ளெக்கின் வாழ்க்கையிலேயே பதில் உண்டு. நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கும், பிறகு பூஹன்வால்டு முகாமுக்கும் கொண்டுபோனார்கள். பூஹன்வால்டில் டைஃபஸ் தடுப்பூசி தயாரிக்கும் வேலையில் கைதிகளை அமர்த்தியிருந்தார்கள். அவர்களில் எவரும் அந்தத் துறையில் தேர்ந்தவரல்லர். புத்தகத்தைப் பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் உறுதி சொன்னார்கள், நுண்ணோக்கியில் டைஃபஸ் கிருமியைக் கண்டுவிட்டதாகவே நம்பினார்கள். அத்தனை பேர் ஒப்புக்கொண்டும் கிருமி அங்கே வந்துவிடவில்லை. ஃப்ளெக் பார்த்தார், அவை வெள்ளணுக்களில் இருக்கும் துகள்கள். தெரிந்தபின்னும் கைதிகள் வாய்திறக்கவில்லை. பலிக்காத மருந்து நாஜிகளின் எஸ்.எஸ். படைக்குப் போனது; பலிக்கும் மருந்தைச் சிறிதளவு செய்து சக கைதிகளுக்குப் போட்டார்கள். போருக்குப் பின் ஃப்ளெக்கே இதை எழுதினார்.

அதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, கூட்டம் தவறியது, தனி மனிதர் வென்றார்’ என்று சொல்லக் கிளம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளமையில் ஃப்ளெக் ருடால்ஃப் வைகலிடம் உதவியாளராக இருந்தவர். டைஃபஸுக்குத் தடுப்பூசி கண்டவர் அந்த வைகல்தான். எது கிருமி, எது கிருமியில்லை என்று பிரித்தறியும் கண் ஃப்ளெக்குக்குப் பிறவியிலேயே வாய்த்ததல்ல. அந்த ஆய்வுக்கூடத்தில், பலரோடு சேர்ந்து வருடக்கணக்கில் பார்த்துப் பழகியதால் வந்தது.