எடை மட்டும் போதாது, வயிற்றையும் அளக்கச் சொல்லுங்கள்

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ரத்த அழுத்தம் பற்றிய இந்த மடலைச் சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு.

பள்ளிப் பிள்ளைகளைச் சிறார் நலத் திட்டம் 18 வயது வரை பரிசோதிக்கிறது. நாடு தழுவிய தொற்றாநோய்ப் பரிசோதனையோ 30 வயதானவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. நம் மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வருகிறது, உண்மைதான். ஆனால் தன்னார்வலர் வந்து கதவைத் தட்டும் பகல் நேரத்தில் இளைஞர்கள் கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்குமிடம் உங்கள் துறையின் கையில் இருக்கிறது.

‘இந்த வயதில் பி.பி.யா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 18 முதல் 30 வயது வரை உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985-86-இல் சேர்த்துக்கொண்டு தொடங்கிய ‘கார்டியா’ ஆய்வு, பல பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்தது. நாற்பதுக்கு முன்பே அழுத்தம் கூடியவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக 2018-இல் அதன் முடிவு வெளியானது.

கல்லூரிகளில் மருத்துவ முகாம் நடந்தால் உயரம், எடை பார்த்து பி.எம்.ஐ. எழுதிக் கொடுப்பார்கள். அந்த எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. தொடையும் தோளும் திரண்ட கபடி வீரனை அது ‘அதிக எடை’ என்று எழுதிவிடும். ஒல்லியான கைகாலோடு தொப்பை போட்டவனை ‘சரியான எடை’ என்று அனுப்பிவிடும். புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. மெலிந்து தெரியும் இந்திய உடம்பு கொழுப்பை எப்படி மறைத்து வைக்கிறது என்பதற்கு அந்த ஒரு படம் போதும்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கும் ஹார்மோனுக்கு மூலப்பொருளைச் சுரக்கிறது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், மூளை வழியாக நரம்புகளை முடுக்குகிறது. சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்த கொழுப்பு அதை நெருக்க, வெளியேற வேண்டிய உப்பு உடம்பிலேயே தங்குகிறது. இவை சேரும்போது அழுத்தம் ஏறுகிறது. தலைவலி, மயக்கம் என்று எந்த அறிகுறியும் பெரும்பாலும் இருக்காது. அளந்தால்தான் தெரியும்.

எனவே என் கோரிக்கை இதுதான். முதலாண்டில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் எடையோடு வயிற்றுச் சுற்றளவும் ரத்த அழுத்தமும் பார்க்க அரசாணை வெளியிடுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் சேர்ந்தால் இது நடக்கும். வயிற்றுக்கு ஓர் இஞ்ச் டேப் போதும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது நம்மவர்களுக்கான எல்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகே பி.பி. பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் பெரிய பட்டையும் வேண்டும். 140/90-ஐத் தொட்டால் வேறொரு நாள் மீண்டும் பார்க்காமல் யாரையும் நோயாளி ஆக்கக் கூடாது.

இன்னொன்றும் முக்கியம். அளவு மாணவர் கையில் மட்டும் போக வேண்டும். வகுப்பில் வாசித்தால் கேலிப்பெயர்தான் மிஞ்சும். மறு ஆண்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

அளந்ததோடு நின்றாலும் பயனில்லை. கால அட்டவணையில் விளையாட்டுக்கு உண்மையான நேரமும், விடுதி உணவில் ஊறுகாய், அப்பளம், பொரித்த பண்டங்களுக்கு ஒரு வரம்பும் வேண்டும். இந்த வயதில் வயிறு குறைந்தால் பலருக்கு அழுத்தமும் மாத்திரையின்றியே இறங்கும். நாற்பதில் தொடங்கும் சிகிச்சைக்கு அந்தச் சலுகை குறைவு.

அடுத்த சேர்க்கைக்கு முன் ஆணை வந்தால், டேப்பைப் பிடிக்க எங்களைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தயார்.

இப்படிக்கு,
கல்லூரி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்